பன்னெண்டாம் நம்பர் சாவி

"இல்ல ஆவுடை, நான் சொல்லுதத முழுசாக் கேளு. என் மாத்திரை எனக்குக் கேக்கவே இல்ல. மங்களத்தோட மாத்திரை எனக்குக் கேக்குது."

ஆவுடைச்செல்வி டைப் பண்ணிட்டிருந்த கைய எடுத்துட்டா. எதிர்ல ஊன்றுகோல மடியில சாய்ச்சு வச்சுட்டு உக்காந்திருந்தது ஞானசுந்தரி. வயசு அம்பத்தெட்டு, முப்பது வருஷம் பஸ்ல கண்டக்டர். நாலு வருஷம் முன்னாடி டிப்போவுல ரிவர்ஸ் எடுத்த வண்டி இடது கால்ல ஏறி, முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சு. கால் போச்சு, வலி மட்டும் போகல. இல்லாத பெருவிரல்ல யாரோ சிகரெட்டால சுடுற மாதிரி இருக்கும்னு சொல்வாங்க. அதையும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாங்க.

"எந்த மங்களம்?"

"மங்களேஸ்வரி. ஏழாம் நம்பர் பெட்டு. பேட்டையில இட்லி மாவுக் கடை போட்டிருக்காள்லா, முகத்துல வலின்னு வந்தாளே, அவதான்."

"அக்கா, அடுத்தவங்க மாத்திரையப் போடக் கூடாதுன்னு எத்தனை தடவ சொன்னேன்?"

"சொன்ன. நாப்பது பேர உக்கார வச்சு மைக்குல சொன்ன. நாங்களும் தலைய ஆட்டுனோம். ஏட்டி, ஒருத்திக்கு வலி நின்னு போச்சு, இன்னொருத்தி கண்ணு முன்னால துடிக்கா. 'எனக்கு நல்லாக் கேக்குது, நீயும் ஒண்ணு போட்டுப் பாரு'ன்னு குடுக்காம இருப்பாளா? ஏன், உங்க ரூம்ல ஒருத்தி தலவலின்னா நாலு பேரு ஹேண்ட்பேக்கத் திறக்க மாட்டீங்களா?"

ஆவுடை தன் ஹேண்ட்பேக்கப் பாத்தா. அவ பையிலயே ரெண்டு அட்டை இருந்துச்சு, அதுல ஒண்ணு அக்கவுண்ட்ஸ் செக்ஷன் பிரேமா குடுத்தது.

"போன ஞாயித்துக்கிழம அவ கடைக்குப் போனேன். மாவுக் கவர்ல மடிச்சு ஆறு மாத்திரை குடுத்தா. பஸ் ஏறி வண்ணாரப்பேட்டை வர்றதுக்குள்ள பெருவிரல் அணைஞ்சு போச்சு. நாலு வருஷத்துக்கு முன்னாடி செத்த காலு. அன்னிக்குத்தான் நான் அடக்கம் பண்ணேன்."

"அது நடக்கவே முடியாதுக்கா."

"முடியாதுன்னுதான் நானும் நெனச்சேன். நீ சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம்." ஸ்டாப்பிங் பேர் சொல்ற அதே குரல்ல ஞானசுந்தரி ஆரம்பிச்சாங்க. "நரம்பு மேல குட்டிக் குட்டிப் பூட்டு இருக்கு. மருந்துதான் சாவி. மாட்டித் திரும்புனா வலி அடங்கும். ஆனா பழைய வலி மாத்திரைக்கு இருக்குற பூட்டு வயித்துலயும் இருக்கு, மூச்சு விடுத இடத்துலயும் இருக்கு, மூளையில குஷி வர்ற இடத்துலயும் இருக்கு. ஒரு சாவிய உள்ள விட்டா எல்லாக் கதவும் திறந்துக்கிடும். அதான் மயக்கம், மலச்சிக்கல், அது இல்லாம இருக்க முடியாதுங்கிற பழக்கம். அதனால நீங்க என்ன பண்ணீங்க? யாரு உடம்புலயும் இல்லாத புதுப் பூட்டு ஒண்ணு செஞ்சு, வலிக்கிற நரம்புல மட்டும் ஊசியில நட்டீங்க. ஆளுக்கு ஒரு பூட்டு. அவங்கவங்க சாவி அவங்கவங்களுக்குத்தான். அடுத்தவன் போட்டா மிட்டாய் சாப்பிட்ட மாதிரி. சரியா?"

"சரிதான். அதனாலதான் முடியாதுங்கிறேன்."

"முடியுது. இப்பவும் ஒண்ணு போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்." அவங்க இல்லாத கால் இருக்க வேண்டிய இடத்துல காத்துல தட்டிக் காட்டுனாங்க. "பாரு. சத்தமே இல்ல."

சொல்லிக்கிட்டிருக்குறது திருநெல்வேலி பைபாஸ் பக்கம் இருக்குற ஒரு ஆராய்ச்சி ஆஸ்பத்திரியப் பத்தி. ஆவுடைச்செல்விக்கு இருபத்தாறு வயசு, அங்க அவதான் கோஆர்டினேட்டர். ஊசி போட்டுக்கிட்ட நாப்பது பேருக்கும் திங்கக்கிழம தோறும் போன் பண்ணி, மருந்து கேக்குதான்னு விசாரிச்சு, வலி பத்துக்கு எத்தனைன்னு குறிக்கணும். மாத்திரை வீட்லயே தயாராகிடும். ஆளுக்கு ஒரு டப்பா குடுத்திருந்தாங்க, டிபன் கேரியர் உசரத்துல. கைப் பெருவிரல வச்சா நாடித்துடிப்பப் பாத்து, அவங்க சாவிய மட்டும் தினம் ரெண்டு செஞ்சு தள்ளும்.

நாப்பதுல முப்பத்தொம்பது பேருக்கு மருந்து கேட்டுச்சு. கேக்காத ஒரே ஆள் ஞானசுந்தரி. ரெண்டு மாசம் பாத்துட்டு, "இவங்களுக்குப் பலன் இல்லை"ன்னு எழுதி, பரிசோதனையில இருந்து நீக்கி, டப்பாவத் திருப்பி வாங்கியாச்சு. அது நடந்து பத்து நாள் ஆகுது. டப்பாவ வாங்கிட்டு வந்தது ஆவுடைதான். அன்னிக்கு அவங்க ஒரு வார்த்த குறை சொல்லல. "ஆகாத டிக்கெட்டக் கையில வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய"ன்னு அவங்களே தூக்கிக் குடுத்தாங்க.

ஆவுடை அவங்க விரல்ல இருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்தா. எந்தப் பூட்ட நட்டோமோ அதோட அடையாளம் ரத்தத்துலயும் கொஞ்சம் இருக்கும், மெஷின் நம்பரச் சொல்லிடும். ரெக்கார்டுல ஞானசுந்தரி பன்னெண்டு. மெஷின் ஏழுன்னு காட்டுச்சு. இன்னொரு சொட்டு எடுத்தா. ஏழு.

ஏழு மங்களேஸ்வரியோடது.

அப்பத்தான் ஃபேன் ஞாபகத்துக்கு வந்துச்சு.

ஊசி போட்ட அன்னிக்குக் காலையில கரண்ட் இல்ல. ஜெனரேட்டர் ஓடுனாலும் ஃபேன் ஓடல. மங்களேஸ்வரி படுத்திருந்தது ஏழாம் நம்பர், ஃபேனுக்கு நேர் கீழ. அந்த வார்டுல எல்லாரும் ஆசப்படுற பெட். ஆனா அவங்களுக்கு இருந்தது முக நரம்பு வலி. கன்னத்துல காத்து பட்டாலே கரண்ட் கம்பியத் தொட்ட மாதிரி இழுக்கும். பல் தேய்க்க முடியாது, பவுடர் பூச முடியாது, மூக்குத்தியக் கழட்டி வச்சு நாலு வருஷம். ஊசிக்கு கால் மணி நேரம் இருக்கும்போது கரண்ட் வந்துச்சு. ஃபேன் சுத்துச்சு. மங்களேஸ்வரி கத்தக்கூட முடியாம ரெண்டு கையாலயும் முகத்த மூடிக்கிட்டு சுருண்டுட்டாங்க. மூலையில பன்னெண்டாம் நம்பர்ல இருந்த ஞானசுந்தரிதான் முதல்ல குரல் குடுத்தாங்க: "ஏ பிள்ள, அவள இங்க அனுப்பு. எனக்கு இங்க புழுங்கிச் சாகுது, நான் அங்க வருதேன்."

ஆவுடைதான் மாத்தி விட்டா. தலையணைய மாத்துனா, ஃபைல மாத்துனா, தண்ணி பாட்டிலக்கூட மாத்துனா. ட்ரேயில இருந்த ரெண்டு குப்பிய மட்டும் மாத்தல. குப்பி மேல பேர் இருக்காது, பேஷன்ட் யாருன்னு ஸ்டாஃபுக்குத் தெரியக் கூடாதுங்கிறது விதி. பெட் நம்பர் மட்டும்தான் இருக்கும். ஆள் யாருன்னு காட்டுற கைப்பட்டைய ஊசி போடும்போது குப்பியோட சேத்து ஸ்கேன் பண்ணணும். ஆனா நாப்பது பேரையும் காலையிலயே ஒரே ரவுண்ட்ல ஸ்கேன் பண்ணி முடிச்சுர்றது அங்க வழக்கம். வேலை சீக்கிரம் முடியும்ல. டாக்டர் ஃபைலப் பாத்துட்டு முகத்துக்குப் போட வேண்டியத முகத்துக்கும், காலுக்குப் போட வேண்டியதக் காலுக்கும் சரியாத்தான் போட்டார். உள்ள போன பூட்டுதான் மாறிப் போச்சு.

ஊன்றுகோலத் தரையில ஒரு தட்டு தட்டி ஞானசுந்தரி கேட்டாங்க. "என்ன பிள்ள, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

ஆவுடை மறைக்கல. நடந்தத அப்படியே சொன்னா. தப்பு என்னோடதுன்னும் சொன்னா.

அவங்க முதல்ல ஒரு சிரிப்புச் சிரிச்சாங்க. அப்புறம், "ஃபேன் காத்து வாங்கப் போயி பூட்ட மாத்திட்டு வந்திருக்கேன் பாரு," அப்படின்னாங்க. உடனே சிரிப்பு நின்னுடுச்சு. "இரு. அவ சாவி எனக்குச் சேருதுன்னா, அவளுக்கு எது கேக்குது? அவ நல்லாத்தான இருக்கா?"

ஆவுடைக்கும் அந்த நிமிஷம்தான் அது உறைச்சுது. மங்களேஸ்வரியோட ஷீட்டத் திறந்தா. முதல் வாரம் வலி ஒம்பது. ரெண்டாவது வாரம் நாலு. மூணாவது வாரத்துல இருந்து வரிசையா சைபர். நாப்பது பேருல சீக்கிரமாக் குணமானது அவங்கதான். மீட்டிங்ல ஸ்லைடு போட்டுக் காட்டுனதே அவங்க கிராஃபத்தான்.

அவங்க நரம்புல இருக்குறது பன்னெண்டாம் பூட்டு. இத்தன நாளும் அவங்க போட்டது ஏழாம் சாவி.

பரிசோதனைய நடத்துற டாக்டர் மெய்யப்பன் மத்தியான டிபன் டப்பாவத் திறந்து வச்சுக்கிட்டு, சாப்பிடாமலே எல்லாத்தையும் கேட்டாரு. அவரு அதட்டுற ஆள் இல்ல. அதட்டியிருந்தா ஆவுடைக்கு கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

"அப்ப மங்களேஸ்வரிக்கு வலி இல்லன்னு சொல்றது பொய்யா சார்?"

"யாரு சொன்னா? வலி இருந்தது நிஜம். அடங்குனதும் நிஜம். காரணம் மட்டும் நம்ம குப்பியில இல்ல." ஸ்பூனால மேசையில லேசாத் தட்டுனாரு. "நம்ம உடம்பே சாவி செய்யும்மா. பழைய பூட்டுக்கு. அபின்ல இருக்குற சாமான் அந்தப் பூட்டத் திறக்குதுன்னா, அந்தப் பூட்டு அபினுக்காகவா நமக்குள்ள வந்துச்சு? உள்ளயே ஒரு சாவி சுரக்குது. இனிமே சரியாயிடும்னு ஒருத்தர் முழுசா நம்புனா அது நல்லாவே சுரக்கும். இதெல்லாம் அளந்து பாத்த விஷயம். இன்னொண்ணும் இருக்கு. இந்த முக வலி சில பேருக்குத் தானாவே மாசக்கணக்குல லீவு எடுத்துட்டுப் போயிரும். அவங்களுக்கு நம்பிக்கையா, லீவா, எனக்குத் தெரியாது."

"திரும்ப வருமா?"

"வரலாம். அஞ்சு வருஷம் கழிச்சு வரலாம். சொன்ன மறுநாளே வரலாம். மருந்து உங்களுக்குச் சேரவே இல்லன்னு சொல்லிட்டா, உள்ள சுரக்குறது நின்னு போகவும் வாய்ப்பு இருக்கு."

"அப்ப சொல்லாம விட்டா என்ன சார்?"

அவரு டப்பாவ மூடிட்டாரு. "ஆடி மாசம் ரெண்டாவது பேட்ச். இருநூறு பேரு. அதே ட்ரே, அதே பெட் நம்பர், அதே ஒரே ரவுண்ட் ஸ்கேன். இத ரிப்போர்ட் பண்ணாம அந்த வழக்கத்த நிறுத்த முடியாது. ஒவ்வொரு வார்டுலயும் கண்டக்டரம்மா மாதிரி ஒருத்தர் மாத்திரை வாங்கிப் போட்டுப் பாப்பாங்கன்னு சொல்ல முடியுமா? ரிப்போர்ட் பண்ணிட்டா, சம்பந்தப்பட்ட ரெண்டு பேஷன்ட்டுக்கும் எழுத்து மூலமாச் சொல்லியாகணும். அதுவும் விதி. உன் பேரும் அதுல வரும்."

"என் பேரு வரட்டும் சார். அவங்களுக்கு வலி திரும்ப வந்துரக் கூடாது."

"இன்னொண்ணு கேட்டுக்கோ." அவரு குரல் இறங்குச்சு. "ஞானசுந்தரி டப்பாவத் திருப்பி வாங்குன அன்னிக்கே பன்னெண்டாம் சாவியோட செய்முறைய மூடி வச்சாச்சு. தொண்ணூறு நாள் இருக்கும். அதுக்கப்புறம் அழிஞ்சுரும், யாராலயும் எடுக்க முடியாது. புதுப் பூட்டு நடலாம்னு நினைக்காத, ஊசி வழியா அதக் கொண்டு போய் நடுற தீங்கில்லாத கிருமிய அவங்க உடம்பு இந்நேரம் அடையாளம் கண்டிருக்கும், ரெண்டாவது தடவ உள்ள விடாது. ஆக மங்களேஸ்வரிக்கு இந்த உலகத்துல இருக்குறது அந்த ஒரே சாவி. தொண்ணூறு நாளுக்குள்ள அவங்களே வீடியோல வந்து 'என் பூட்டுக்கு சாவி வேணும்'னு வாயாலக் கேட்டா எடுத்து வைக்கலாம். அவங்களுக்குப் பதிலா நீ கேக்க முடியாது. நானும் முடியாது."

"அதாவது, கேக்கணும்னா அவங்களுக்கு விஷயம் தெரியணும்."

"தெரியணும்."

"தெரிஞ்சா வலி வரலாம்."

"வரலாம். ஆனா கையில சாவி இருக்கும். நான் சொல்லிடுன்னுதான் சொல்லுவேன். ஆனா அவங்க முகத்தப் பாத்துச் சொல்லப் போறது நீ."

ஞானசுந்தரி கீழ கேன்டீன்ல காத்துட்டிருந்தாங்க. ஆவுடை வந்து உக்காந்து எல்லாத்தையும் சொன்னதும், டீய ஆத்தி அவ பக்கம் நகத்துனாங்க.

"ஏட்டி, அந்தப் பொம்பள டிக்கெட் எடுக்காமலே ஊரு போய்ச் சேந்துட்டா. இறங்கி, வீட்டுக்கும் போயி, சோறும் தின்னுட்டு உக்காந்திருக்கா. இப்பப் போயி கதவத் தட்டி டிக்கெட் எங்கன்னு கேக்கப் போறியா?"

"அவங்க மறுபடி பஸ் ஏற வேண்டி வந்தா என்னக்கா பண்றது? அன்னிக்கு பஸ்ஸே இருக்காது."

ஞானசுந்தரி தன் டீயக் குடிச்சாங்க. கிளாசக் கீழ வச்சாங்க.

"நான் ஒண்ணு சொல்லட்டா," அப்படின்னாங்க கடைசியா. "எனக்கு இன்னைக்கு கால் வலிக்கல. அது அவ போட்ட பிச்ச. அவளுக்கு வலிய வரவச்சுட்டு அத நான் வாங்கிக்கிட முடியாது. ஆனா இருநூறு பேருன்னு சொல்லுதியே. அவங்களையும் நடுவழியில இறக்கிவிட முடியாது. நீ எழுதித் தள்ளு. அவகிட்ட எப்படிச் சொல்லணும்னு மட்டும் யோசி."

ஒரு வாரத்துல கடுதாசி தயாராகி வந்துச்சு. ரெண்டு பக்கம். முதல் பக்கத்துல நடந்தது, ரெண்டாவது பக்கத்துல தொண்ணூறு நாள் விவரம். கையிலதான் குடுக்கணும், வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து வாங்கணும்.

ஆவுடை பேட்டைக்குப் போனப்ப மத்தியானம் மூணு மணி. கிரைண்டர் நின்னிருந்துச்சு. மங்களேஸ்வரி கடை வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து முறுக்கு தின்னுட்டிருந்தாங்க. நல்ல கடக் முறுக்கு, கடிச்சா மூணு கடை தள்ளி நின்னாலும் சத்தம் கேக்கும். மூக்குத்தி மின்னுச்சு. கல்லாப் பக்கம் ஒரு டேபிள் ஃபேன். அதுக்கு நேரா முகத்த நீட்டி உக்காந்திருந்தாங்க. நெத்தி முடியெல்லாம் பறந்துட்டிருந்துச்சு. ஆவுடை வெயில்லயே நின்னுட்டா.

"வா பிள்ள. வெயில்ல ஏன் நிக்க? முறுக்கு எடு." ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டாங்க. "திட்டத்தான வந்திருக்க? கண்டக்டரக்கா உளறிட்டாளா?"

"எதை?"

"மாத்திரை குடுத்தத. சரி, திட்டிக்கோ. ஆனா ஒண்ணு, முழுசாக் கேட்டுட்டுத் திட்டு. நான் ஆறு மட்டும் குடுக்கல. வைகாசியிலயே போடுறத நிறுத்திட்டேன். டப்பா குடுக்குற ரெண்டையும் தினம் எடுத்து டப்பர்வேர்ல சேத்து வச்சிருந்தேன், யாருக்காவது ஆகும்னு. நேத்துகூட ஒரு கவர் அவளுக்குக் குடுத்து விட்டேன்."

ஆவுடை கையில இருந்த முறுக்கு அப்படியே நின்னுச்சு. "நீங்க போடவே இல்லையா? திங்கக்கிழம தோறும் போட்டேன்னு சொன்னீங்களே."

"நீ வேலைக்காகக் கேக்குத, ஏன் உன்னக் கஷ்டப்படுத்தணும்னு சொன்னேன். எனக்கு ஊசியிலயே சரியாப் போச்சு பிள்ள. நீ அன்னிக்கு என்னத் தாங்கிப் பிடிச்சு அந்த மூலப் பெட்டுல படுக்க வச்சு, 'இனிமே உங்களுக்கு வலிக்காதுக்கா, நான் இருக்கேன்'ன்னு சொன்னேல்லா. அப்பவே பாதி போச்சு."

ஆவுடைக்கு அப்படிச் சொன்னதே ஞாபகம் இல்ல. எல்லாப் பேஷன்ட்கிட்டயும் சொல்றதுதான். மாத்திரையும் இல்லாம, சாவியும் இல்லாம, இந்த அம்மா ஒரு மாசத்துக்கு மேல ஃபேனுக்கு முன்னால உக்காந்திருக்காங்க. ரிப்போர்ட்ல இதுக்குன்னு ஒரு கட்டமே கிடையாது.

கவர வெளிய எடுத்தா. "அக்கா, ஆஸ்பத்திரியில இருந்து ஒரு கடுதாசி. உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். நான் படிச்சுச் சொல்லட்டுமா?"

மங்களேஸ்வரி கவரப் பாக்கல, ஆவுடை முகத்தத்தான் பாத்தாங்க. மாவு விக்கிற பொம்பள, ஆளப் பாத்தே இன்னைக்கு எத்தனை பாக்கெட்டுன்னு சொல்லிடுவாங்க.

"நல்ல சேதியா, கெட்ட சேதியா?"

"ரெண்டும் இல்லக்கா. உண்மை."

"என் மூஞ்சியப் பத்தியா?"

ஆவுடை தலைய ஆட்டுனா.

"இதப் படிச்சா எனக்கு இன்னைக்கு இருக்குறத விட நல்லாருக்குமா?"

"இன்னைக்கு இல்ல. ஆனா பின்னால ஒரு வேள வலி வந்தா, அதுக்கு ஒரு வழி இதுல இருக்கு. அதுவும் கொஞ்ச நாள்தான் இருக்கும். அதனாலதான் இப்பவே படிக்கணுங்கிறேன்."

அவங்க முறுக்குத் தூள மடியில இருந்து தட்டி விட்டு, கைய முந்தானையில துடைச்சாங்க. கவர வாங்கிக் கொஞ்ச நேரம் எடை பாக்குற மாதிரி வச்சிருந்தாங்க.

"நாலு வருஷம் பிள்ள. பேரன் கன்னத்துல முத்தம் குடுக்க வந்தா தள்ளிவிட்டவ நான். வலி வருமோ வருமோன்னு உக்காந்திருந்ததே பாதி வலி. இப்பத்தான் அந்த நெனப்பு விட்டிருக்கு. நீ இதப் படிச்சா அந்த நெனப்பு திரும்ப வந்து உக்காந்துக்கிடும். உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே." பேனாவ வாங்குனாங்க. "கையெழுத்துதான வேணும்? போட்டுர்றேன். கடுதாசி என்கிட்ட இருக்கட்டும். என்னைக்காவது வலி வந்தா அன்னிக்குப் பிரிச்சுப் படிக்கேன்."

"அன்னிக்குப் பிரிச்சா லேட்டாயிரும்க்கா."

"லேட்டானா ஆகட்டும். இப்ப வலிக்கல."

மங்களேஸ்வரின்னு முழுசா, நிறுத்தி, அழகா எழுதுனாங்க. கவர மடிச்சு, மாத்திரை இருந்த அந்த டப்பர்வேருக்குள்ளயே போட்டு மூடுனாங்க. கிரைண்டர் மேல இருக்குற ஷெல்ஃப்ல, உளுந்து டின்னுக்குப் பின்னால தள்ளி வச்சாங்க.

ஆவுடை எழுதுன ரிப்போர்ட் போய்ச் சேந்துருச்சு. ரெண்டாவது பேட்ச்சுக்கு குப்பி ஒவ்வொண்ணும் கைப்பட்டையோடதான் வரும், பெட் நம்பரே கிடையாதுன்னு முடிவாச்சு. ஆவுடைக்கு எச்சரிக்கை மெமோ ஒண்ணு வந்துச்சு, அதக் கூட யாரும் பெருசாப் பேசல. ஏழாம் சாவி ஞானசுந்தரி பேருக்கு மாறிடுச்சு. அவங்க இப்ப செயற்கைக் கால் மாட்டிட்டு ஞாயித்துக்கிழம தோறும் பேட்டைக்குப் போறாங்க. ரெண்டு பேரும் முறுக்கு தின்னுட்டு, ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்ணிட்டு இருக்காங்க. உளுந்து டின்னப் பாக்கவே மாட்டேன்னு ஞானசுந்தரி பிடிவாதமாத் திரும்பி உக்காந்துக்கிடுறாங்களாம். மங்களேஸ்வரிக்கு இன்னும் வலி சைபர்தான்.

டாக்டர் மெய்யப்பன் காரிடார்ல ஆவுடையப் பாக்கும்போதெல்லாம் ஒரு நம்பர மட்டும் சொல்வாரு. வேற எதுவும் கேக்க மாட்டாரு. போன வாரம் அறுபத்தேழு. இன்னைக்கு எழுபத்தி நாலு. தொண்ணூறுக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கு. அந்தக் கவர் பிரிக்காமலே கிடக்கு.

திங்கக்கிழம வழக்கம் போல ஆவுடை போன் பண்ணணும். அந்தப் பக்கம் முறுக்கு கடிக்கிற சத்தம் கேக்கும், "சைபர் பிள்ள, சைபர் போட்டுக்கோ"ன்னு சொல்வாங்க. அதோட வச்சுடலாம். இல்ல, "அக்கா, போன வைக்காதீங்க"ன்னு ஆரம்பிக்கலாம். இப்பப் படிக்க வேண்டாம்னு அவங்களே சொன்னத மதிக்கணுமா, இல்ல என்ன வேண்டாம்னு சொல்றோம்னே தெரியாம சொன்னத அப்படியே விடக் கூடாதா? சத்தியமாக் கேக்குறேன், அந்தப் போன் உங்க கையில இருந்தா நீங்க என்ன சொல்லுவீங்க?